ஒன்றுபோல் தோன்றும் சிறு நண்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

கிருஷ்ணகிரி அணையில் தேங்கி, தருமபுரி மாவட்டத்தைத் தொட்டுக் கடந்து, கடலூருக்கு அருகே வங்கக் கடலில் சேரும் தென்பெண்ணையின் முகத்துவாரத்தில் வாழும் சிறு நண்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தோம். கடலோரமே இல்லாத நம் இரு மாவட்டங்களிலிருந்தும் அதையொட்டி நிறையக் கடிதங்கள் வந்திருப்பது மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு நண்டுகளை வெவ்வேறு சிற்றினங்கள் என்று எதை வைத்துத் தீர்மானிப்பது என்பதே பெரும்பாலான கடிதங்களின் மையக் கேள்வியாக இருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: கல்லூரிச் சுற்றுலாவில் பரங்கிப்பேட்டைக்குச் சென்றிருந்தபோது, வெள்ளாற்று முகத்துவாரச் சேற்றில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த பிடில் நண்டுகளைப் பார்த்தோம். சிலவற்றின் கொடுக்கு வெண்மையாகவும் சிலவற்றினுடையது இளஞ்சிவப்பாகவும் இருந்தது. சில நண்டுகளின் கொடுக்கு பெரிதாக இருந்தும் மெலிந்து, பற்களே இல்லாமல் வழவழப்பாக இருந்தது. இவை எல்லாம் ஒரே சிற்றினம்தானா? எங்கள் பாடநூல் 'ஊக்கா அன்னுலிபெஸ்' என்கிறது. இணையத்தில் 'ஆஸ்ட்ரூக்கா அன்னுலிபெஸ்' என்று இருக்கிறது. எது சரி?
— விலங்கியல் இளநிலை மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: நீங்கள் கவனித்த மூன்று வேறுபாடுகளையும் தனித்தனியாக எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அவை மூன்றும் ஒரே எடை உடையவை அல்ல.

முதலில் நிறம். பிடில் நண்டின் நிறம் நிலையானதன்று. வெயிலின் கடுமை, ஓதம் ஏறி இறங்கும் நேரம், அச்சம், துணை தேடும் பருவம், ஓடு உரித்து எத்தனை நாள் ஆயிற்று என்பன போன்ற பலவற்றைப் பொறுத்து ஒரே நண்டு ஒரே நாளில் வெளுத்தும் கறுத்தும் தோன்றும். ஆகவே கொடுக்கு வெண்மையா இளஞ்சிவப்பா என்பதை மட்டும் வைத்து இரண்டு சிற்றினங்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே சமயம், நிறத்தை அறவே ஒதுக்கிவிடுவதும் தவறு. ஆல்கஹாலில் இட்ட சில நாள்களில் நிறம் போய்விடுவதால், உயிரோடு இருக்கையில் பார்த்த நிறத்தைக் களத்திலேயே எழுதி வைக்காவிட்டால் அந்தச் செய்தி திரும்பக் கிடைக்காது.

அடுத்து, மெலிந்த வழவழப்பான கொடுக்கு. இது புதிதாகக் களத்துக்குச் செல்பவர்களைப் பெரிதும் குழப்புகிற அடையாளம். சண்டையிலோ பறவையிடம் சிக்கியோ பெரிய கொடுக்கை இழந்த ஆண் நண்டு அதை மீண்டும் வளர்த்துக்கொள்ளும். ஆனால் அன்னுலிபெஸ் குழுவைச் சேர்ந்த நண்டுகளில் இரண்டாம் முறை வளரும் கொடுக்கு நீளத்தில் முதலாவதற்கு நிகராக இருந்தாலும் எடை குறைந்தும், விரல்கள் மெலிந்தும், உள்விளிம்புப் பற்கள் இன்றியும் அமைகிறது. அதை ஆட்டிக் காட்டித் துணையை அழைப்பதற்குத் தடையில்லை. சண்டையில்தான் அதன் வலுக்குறைவு வெளிப்படும். நீங்கள் பார்த்த வழவழப்பான கொடுக்குகள் அநேகமாக இப்படி மறுபடி வளர்ந்தவையாகவே இருக்க வேண்டும். அவற்றை வேறு சிற்றினமாகக் கொள்ள இடமில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதிர்ந்த ஆண் நண்டு ஒன்றைப் பிடித்து, முகத்துக்கு நேராக வைத்து, இரு கண் காம்புகளும் தொடங்கும் இடத்துக்கு நடுவே உள்ள நெற்றிப் பட்டையின் அகலத்தைப் பாருங்கள். டியூபூக்கா, கெலாசிமஸ் ஆகிய பேரினங்களில் (பேரினம் என்பது நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) இந்தப் பட்டை மிகக் குறுகியிருக்கும். ஆஸ்ட்ரூக்காவில் தெளிவாக அகன்றிருக்கும். ஒரு கை உருப்பெருக்கி இருந்தால் போதும், சேற்றில் நின்றபடியே இந்த முதல் பிரிவைச் செய்துவிடலாம். அதன்பின் பெரிய கொடுக்கின் உள்ளங்கைப் பகுதியில் ஓடும் மேட்டு வரிகள், விரல்களின் உள்விளிம்பில் உள்ள பற்களின் அமைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இறுதியாக, வயிற்று மடலைத் திறந்தால் தெரியும் முதல் இணை உறுப்புகளுக்கு வர வேண்டும். ஆண் நண்டு விந்தணுவைச் செலுத்தப் பயன்படுத்தும் இவற்றைக் கலவிக்கால்கள் என்று சொல்லலாம். இவற்றின் நுனி வடிவம் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறுபடுவதாலும், சூழலுக்கேற்ப எளிதில் மாறாததாலும், நண்டு வகைப்பாட்டாளர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக இவற்றையே பெரிதும் நம்பி வந்திருக்கிறார்கள். இதற்கு நுண்ணோக்கி வேண்டும், களத்தில் முடியாது.

பெயரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே நண்டைத்தான் குறிக்கின்றன. 2016 வரை உலகின் பிடில் நண்டுகள் யாவும் 'ஊக்கா' என்ற ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டு வெளிவந்த மரபணு ஆய்வு, அமெரிக்க, ஆப்பிரிக்கப் பிடில் நண்டுகளில் சில, ஏனைய பிடில் நண்டுகளைவிட மணலில் வளை தோண்டும் பேய் நண்டுகளுக்கே நெருங்கியவை என்று காட்டியது. உறவு அப்படியிருக்க, எல்லாவற்றையும் ஒரே பேரினத்தில் அடைத்து வைப்பதற்கு நியாயமில்லை. எனவே அவை 11 பேரினங்களாகப் பிரிக்கப்பட்டன. நம் கரையில் உள்ளவை ஆஸ்ட்ரூக்கா, டியூபூக்கா, கெலாசிமஸ் முதலியவற்றுக்குப் போயின. தேர்வுத்தாளில் புதிய பெயரை எழுதி, பழைய பெயரையும் அருகில் குறிப்பிடுங்கள்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பிடில் நண்டுகளைப் பற்றி அமெரிக்க விலங்கியலாளர் ஜோஸ்லின் கிரேன் எழுதி 1975-இல் வெளிவந்த பெருநூல் அன்னுலிபெஸ், லாக்டியா, பெர்பிளெக்ஸா, மியோபெர்கி ஆகிய நான்கையும் ஒரே சிற்றினத்தின் துணைப்பிரிவுகளாகக் கருதியது. பின்வந்தவர்கள் அவற்றைத் தனித்தனிச் சிற்றினங்களாகவே ஏற்றனர். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் அன்னுலிபெஸ் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட நண்டு 2016-இல் 'ஆக்சிடென்டாலிஸ்' என்ற வேறு சிற்றினமாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் அன்னுலிபெஸ் என்று படித்தால், அந்த நண்டு எந்தக் கரையில் பிடிக்கப்பட்டது என்பதை உடனே பாருங்கள். இடம் தெரியாவிட்டால் அந்தப் பெயரால் பயன் குறைவு.

கேள்வி: மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றபோது மணலில் விரைந்தோடும் நண்டுகளில் சிலவற்றின் கண்களுக்கு மேலே கொம்பு இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. கொம்புள்ளது ஆண், இல்லாதது பெண் என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா?
— பள்ளி ஆசிரியை, பென்னாகரம்

பதில்: சொல்லக் கூடாது, அம்மா. பேய் நண்டுகளில் 'ஓசிபோடே செரட்டாப்தால்மஸ்' என்னும் சிற்றினத்தில் கண்ணின் நுனியைத் தாண்டி நீளும் கொம்பு ஆண், பெண் இரண்டுக்குமே வளர்கிறது. ஆனால் குஞ்சுகளுக்கு அது இருப்பதில்லை. உடல் வளர வளரத்தான் கொம்பு நீள்கிறது. ஆண் பெண் அறிய வயிற்றுப்புற மடலைப் பார்ப்பதே முறை: ஆணுக்குக் குறுகலாகவும், முதிர்ந்த பெண்ணுக்கு அகன்று வட்டமாகவும் இருக்கும்.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. 'ஓசிபோடே கார்டிமானஸ்' என்ற மற்றொரு சிற்றினத்துக்கு எவ்வளவு முதிர்ந்தாலும் கொம்பே கிடையாது. எனவே கொம்பில்லாத சிறு நண்டு ஒன்று கையில் கிடைத்தால் அது முன்னதன் குஞ்சா, பின்னதா என்று கண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. இங்கே தீர்ப்பளிப்பது பெரிய கொடுக்கின் உட்பக்கம். செரட்டாப்தால்மஸின் கொடுக்கில், உள்ளங்கைப் பகுதியில் நுண்ணிய புடைப்புகளும் கோடுகளும் செங்குத்தாக வரிசையிட்டு நிற்கும். அதே காலின் அடிக்கணுவில் இந்த வரிசையை உரசி, சீப்பின் பற்களில் நகத்தை இழுத்தாற்போன்ற ஒலியை நண்டு எழுப்புகிறது. கார்டிமானஸுக்கு இந்த வரிசை இல்லை. மாணவர்களிடம் கை உருப்பெருக்கியைக் கொடுத்து இந்த ஓர் அடையாளத்தைத் தேடச் சொல்லுங்கள். கொம்பைவிடப் பன்மடங்கு நம்பத்தக்கது.

கேள்வி: எங்கள் நெல் வயல் வரப்பில் பொந்து போடும் நண்டுகளில் இரண்டு வகை இருப்பதாகத் தோன்றுகிறது. இவையும் கடல் நண்டுகளைப் போலக் கடலுக்குப் போய்த்தான் குஞ்சு பொரிக்கின்றனவா? கடலோர நண்டுகளுக்கு இவை உறவா?
— விவசாயி, காவேரிப்பட்டணம்

பதில்: கடலுக்கு இவை போவதே இல்லை, ஐயா. கடலோர நண்டின் முட்டையிலிருந்து வருவது நண்டு உருவம் இல்லாத, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் இளவுயிரி. அது கடல்நீரில் வாரக்கணக்கில் மிதந்து, பல முறை உருமாறிய பிறகே கரை சேர்ந்து நண்டாகிறது. வயல் நண்டு இடும் முட்டைகள் எண்ணிக்கையில் குறைவு, அளவில் பெரியவை. இளவுயிரிப் பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே முடிந்துவிடுவதால் குஞ்சு நண்டாகவே வெளியே வருகிறது. சில காலம் தாயின் வயிற்று மடலுக்குள்ளேயே தங்கியிருக்கும். மழைக்காலத்தில் தாய் நண்டைப் பிடித்து மடலைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று.

வகைப்பாட்டில் இதன் விளைவு மிகப் பெரியது. மிதக்கும் இளவுயிரியை நீரோட்டம் வெகுதூரம் கொண்டுசேர்ப்பதால் கடலோர நண்டின் ஒரே சிற்றினம் பல நாடுகளின் கரைகளில் பரவியிருக்க முடிகிறது. நன்னீர் நண்டுக்கு அந்த வழி இல்லை. ஒரு மலையிலோ ஓர் ஆற்றின் தலைப்பகுதியிலோ ஒதுங்கியவை மற்றவற்றோடு கலக்காமல் பல்லாயிரம் தலைமுறைகள் வாழ்ந்து தனிச் சிற்றினங்களாகின்றன. இந்தியாவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட நன்னீர் நண்டுச் சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளதற்கு இதுவே முதன்மையான காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து புதியவை இன்னும் விவரிக்கப்பட்டு வருகின்றன.

தமிழகத்து வயல்களில் பரவலாகக் காணப்படுவது 'ஸ்பைரலோதெல்பூசா ஹைட்ரோட்ரோமா'. முதுகோட்டை மட்டும் பார்த்தால் 'ஓசியோதெல்பூசா' பேரினத்து நண்டுகளிலிருந்து இதைப் பிரித்தறிவது கடினம். ஆணின் கலவிக்கால் நுனி முறுக்கிக்கொண்டிருப்பதே இதன் தனி அடையாளம். தங்கள் வயலில் பார்த்த இரண்டும் இரு சிற்றினங்களா, அல்லது ஒன்றின் ஆணும் பெண்ணுமா, முதிர்ந்ததும் இளையதுமா என்பதைத் தெரிந்துகொள்ள, ஒவ்வொரு வகையிலும் ஒரு பெரிய ஆண் நண்டை அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறைக்கு எடுத்துச் செல்லுங்கள். பெண் நண்டை வைத்துக்கொண்டு அவர்களாலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

கேள்வி: ஓசூர்ச் சந்தையில் 'கல் நண்டு' என்று பெரியதும் சிறியதுமாக இரண்டு தருகிறார்கள். சிறியது வளர்ந்தால்தான் பெரியதா?
— இல்லத்தரசி, ஓசூர்

பதில்: பெரும்பாலும் அவை இரண்டு தனிச் சிற்றினங்கள். கேள்வி சிறு நண்டைப் பற்றியதன்று என்றாலும், நெருங்கிய சிற்றினங்களைக் குழப்பிக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் கரையில் இல்லை. இந்தச் சேற்று நண்டுகளை உலகெங்கும் ஒன்றாகவும் பலவாகவும் மாற்றி மாற்றிக் கருதிவந்த குழப்பத்தை, 1998-இல் கீனன், டேவி, மான் ஆகிய மூவரும் உருவ அளவுகளையும் மரபணுச் சான்றுகளையும் சேர்த்து ஆராய்ந்து, சில்லா பேரினத்தில் செர்ரேட்டா, டிராங்குபாரிகா, பாராமாமோசைன், ஒலிவேசியா என நான்கு சிற்றினங்கள் உண்டு என்று தீர்த்து வைத்தனர். இவற்றுள் டிராங்குபாரிகா என்பது நம் தரங்கம்பாடியின் பெயரால் 1798-இல் டென்மார்க் விலங்கியலாளர் ஃபாப்ரிசியஸ் வைத்த பெயர்.

அதனாலோ என்னவோ, நம் நாட்டு நூல்களில் பெரிய நண்டை டிராங்குபாரிகா என்றும் சிறியதைச் செர்ரேட்டா என்றும் நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பின்னர் நடந்த மரபணு ஆய்வுகள், இங்கே பிடிபடும் பெரியதுதான் செர்ரேட்டா என்றும் சிறியது ஒலிவேசியா என்றும் காட்டின. வாங்கும்போது கொடுக்கை அடுத்துள்ள கணுவின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள்: கூரான இரண்டு முட்கள் இருந்தால் செர்ரேட்டா, முள் மழுங்கியோ இல்லாமலோ இருந்தால் ஒலிவேசியா. செர்ரேட்டாவின் கால்கள் அனைத்திலும் கட்டம் கட்டமான கோலம் தெரியும்.

கேள்வி: மரபணுச் சோதனை வந்துவிட்ட பிறகும் மயிரையும் முள்ளையும் புடைப்பையும் எண்ணிக்கொண்டிருப்பது வீண் வேலை இல்லையா?
— முதுநிலைப் பட்டதாரி, அரூர்

பதில்: வீண் இல்லை என்பது என் உறுதியான கருத்து. காரணங்களை விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பான் கடலோரத்தில் கற்களுக்கடியில் வாழும் 'ஹெமிகிராப்சஸ் பெனிசில்லாட்டஸ்' என்னும் சிறு நண்டின் ஆணுக்குக் கொடுக்கு விரல்களின் அடியில் மென்மயிர்த் திட்டு ஒன்று உண்டு. 1835-இலிருந்து இது ஒரே சிற்றினமாகவே கருதப்பட்டது. 1990-களில் ஐரோப்பியக் கரைகளில் இதே நண்டு வந்து குடியேறியிருப்பதாகப் பதிவுகள் வந்தன. பிறகு ஜப்பானில் உள்ளவற்றை மரபணு வழியே ஆராய்ந்தபோது அதற்குள் இரண்டு குழுக்கள் ஒன்றோடொன்று கலக்காமல் வாழ்வது தெரியவந்தது. அதற்குப் பின்னரே நண்டுகளை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தார்கள்: ஒரு குழுவில் மயிர்த் திட்டு சிறியது, உடலின் அடிப்பக்கத்துக் கரும்புள்ளிகள் நுண்ணியவை, மற்றதில் திட்டு பெரியது, புள்ளிகளும் பெரியவை. 2005-இல் அசகுராவும் வதனபேயும் முதற்குழுவுக்கு 'ஹெமிகிராப்சஸ் டகானோய்' என்று பெயரிட்டனர். ஐரோப்பாவுக்குப் போனது இந்த டகானோய்தான் என்பதும் தெளிவாயிற்று. பிரிவு இருப்பதை மரபணு உணர்த்தியது; ஆனால் அந்தப் பிரிவை ஒரு கடற்கரையில் நிற்பவர் கண்டுகொள்ளும்படி செய்தது மயிர்த் திட்டும் புள்ளியும்தான். அருங்காட்சியகச் சாடிகளில் உள்ள பழைய மாதிரிகள் பலவற்றிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுப்பதும் எளிதன்று.

எதிர்ப்புறமாகவும் நடந்திருக்கிறது. அலையாத்திக் காடுகளில் வாழும் செசார்மிடே குடும்பத்தில், முதுகோட்டின் பக்கவிளிம்பில் கண்குழிக்குப் பின்னே ஒரு பல் இருந்தால் 'பெரிசெசார்மா', இல்லாவிட்டால் 'பாராசெசார்மா' என்று பேரினங்களைப் பிரித்து வந்தார்கள். எவ்வளவு வசதியான அடையாளம்! ஆனால் அண்மைக்கால மரபணு ஆய்வுகள் அந்தப் பல் உறவைக் காட்டவில்லை என்று நிறுவியதால், பெரிசெசார்மாவின் பெரும்பாலான சிற்றினங்கள் பாராசெசார்மாவுக்கு மாற்றப்பட்டன. ஒரே ஓர் அடையாளத்தின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றினால் இப்படித்தான் ஆகும்.

அதே ஆபத்து ஒரே ஒரு மரபணுவை நம்புவதிலும் இருக்கிறது. இனங்காண்பதற்குப் பெரும்பாலும் பயன்படுத்தப்படும் சி.ஓ.1 மரபணு, உயிரணுவில் உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ளது. அது தாய்வழியில் மட்டுமே வருகிறது. ஐரோப்பியக் கரை நண்டான 'கார்சினஸ் மெனாஸ்', மத்தியதரைக் கடலின் 'கார்சினஸ் ஏஸ்டுவாரி' ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னதன் கலவிக்கால்கள் வெளிப்புறமாக வளைந்திருக்கும்; பின்னதற்கு அவை நேராக, ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். ஜப்பானில் குடியேறிய கூட்டங்களில் இரண்டின் மரபுக்கூறுகளும் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அத்தகைய கலப்பு நண்டு ஒன்றின் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் படித்தால் அதன் தாய்வழி மட்டுமே தெரியும். உட்கருவின் மரபணுக்களையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை நிலை புலப்படும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஹெண்டர்சன் 1893-இல் இந்திய நண்டினங்களைப் பற்றி எழுதியதும், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஆல்காக் 1895 முதல் 1900 வரை தொடர்ந்து வெளியிட்டதும் இன்றும் பயன்படுகின்றன. அவர்கள் இட்ட பெயர்களில் பல மாறிவிட்டன. ஆனால் எந்த முள் எங்கே இருக்கிறது, நெற்றி எவ்வளவு அகலம், நண்டு எந்தக் கரையில் கிடைத்தது என்று அவர்கள் பொறுமையாக எழுதி வைத்த விவரங்களைக் கொண்டு, பெயர் மாறிய பின்னும் அது எந்த நண்டு என்று நம்மால் கண்டுகொள்ள முடிகிறது. ஆய்வுக்குப் போக விரும்பினால் இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். சோதனைக்கூடத்துக்குக் கால் துண்டை மட்டும் அனுப்பிவிட்டு உடலை எறிந்துவிடும் பழக்கத்துக்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: விடுமுறையில் கடலூருக்குப் போகிறேன். நண்டுகளைப் பிடிக்காமலேயே அவற்றின் பெயரைத் தெரிந்துகொள்ள முடியுமா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், ஊத்தங்கரை

பதில்: பேரினம் வரையில் பெரும்பாலும் முடியும், தம்பி, சிற்றினம் வரையில் சில நேரம் முடியும். கைப்பேசியால் எடுக்கும்போது மேலிருந்து ஒரு படம் போதாது. முகத்துக்கு நேராக ஒன்று, பெரிய கொடுக்கின் வெளிப்பக்கமும் உட்பக்கமும் தெரியும்படி ஒவ்வொன்று எடு. அருகில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்தால் அளவு தெரியும். நாள், நேரம், ஊர் ஆகியவற்றோடு நண்டு நின்றது மணலிலா, சேற்றிலா, கல்லிடுக்கிலா, அப்போது நீர் ஏறிக்கொண்டிருந்ததா வற்றிக்கொண்டிருந்ததா என்பதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள். வளைக்குச் சற்றுத் தள்ளி அசையாமல் உட்கார்ந்திருந்தால் பிடில் நண்டுகள் சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும். அவை கொடுக்கை எப்படி ஆட்டுகின்றன என்பதைக் காணொளியாகப் பதிவு செய். ஆட்டும் முறையும் சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறுபடும். படங்களை இந்தப் பகுதிக்கு அனுப்பினால் அடுத்த இதழில் சேர்ந்து பார்ப்போம்.